பாவாத்தாளும் சும்மா ஆளும்

வேலாத்திப்பாளையத்தில் வரிசையின் கடைசியில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போக ஆரம்பித்தது, தாளாளர் குப்பணசாமி தன் காலஞ்சென்ற தாயார் பாவாத்தாளின் பெயரில் ஒரு கணினி மொழியைத் தொடங்கிவைத்த ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமையிலிருந்துதான் என்பதில் ஊரில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. கருத்து வேறுபாடெல்லாம் அன்றைக்குப் பந்தியில் போட்டது மைசூர்பாகா பாதுஷாவா என்பதில்தான். கடைசி இலையில் உட்கார்ந்திருந்த தபால்காரருக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. அவர் கையை நீட்டி நீட்டிக் கேட்டுப் பார்த்துவிட்டு, காலி இலையை மடித்துவைத்துவிட்டு எழுந்து போனார். சமையல்காரர் அந்த இடத்தில் யாருமே உட்காரவில்லை என்று இன்றுவரை சத்தியம் செய்கிறார்.

அந்த மொழியை எழுதியவன் நான். கல்லூரி வாசலில் உள்ள கல்வெட்டில் தாளாளரின் மருமகன் பெயர்தான் இருக்கிறது. அவர் சிங்கப்பூரிலிருந்து கோட்டு போட்டுக்கொண்டு வந்து ரிப்பன் வெட்டிவிட்டுப் போனார். எழுதியது நான், வைத்தியலிங்கம், கணினி ஆய்வக ஆசிரியர், வெளியூர்க்காரன், எதற்கெடுத்தாலும் முகம் சுளிக்கிறவன். அடுத்தவர் வாய் வைத்த டம்ளரைத் தொடமாட்டேன். ஓட்டலில் இலையை மூன்று தரம் கழுவுவேன். சின்ன வயதில் பெற்ற தாய் ருசி பார்க்கக் கடித்துக் கொடுத்த கொய்யாப்பழத்தையே சாக்கடையில் எறிந்துவிட்டு அழுதவன். ஆளுக்கு எட்டுக் கோழி வீதம் குடியிருக்கும் இந்த ஊரில், காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் கோழி எச்சத்தின் நெடி அடிக்கும் இந்த ஊரில், பதினோரு வருடமாக மூக்கில் கைக்குட்டையோடு சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். அதைவிடக் குமட்டக்கூடியது ஒன்று என் உள்ளேயே இருந்ததை மட்டும் நான் கவனிக்கவில்லை.

பாவாத்தாள் அம்மாள் தலையில் கூடை வைத்து முட்டை விற்றவர். ஒரு கூடை முட்டை நாற்பது கொட்டகையாகி, கொட்டகைகள் ஒரு பொறியியல் கல்லூரியாகி, கல்லூரி ஒரு மாலை வகுப்பாகி, அந்த வகுப்பில் இங்கிலீஷ் தெரியாத ஊர் சனங்கள் இலவசமாகக் கணினி படிக்கவேண்டும் என்று தாளாளர் ஆசைப்பட்டதும், அதற்காகத் தமிழ்ச் சொற்களாலேயே ஒரு மொழி வேண்டும் என்றதும், உள்ளபடியே நல்ல ஆசைகள்தான். நாம் தமிழில் எழுதுவதை எந்திரத்துக்குப் புரிகிறபடி மாற்றிக் கொடுக்கிற கம்பைலரை நான் ஏழு மாதத்தில் எழுதி முடித்தேன். விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, பட்டியல்களை ஒவ்வொன்றாக எண்ணுகிற இடத்தில் ஒரு குறியைத் தவறாகப் போட்டுவிட்டது தெரிந்தது. 'எண்ணிக்கைக்குச் சமமாகும்வரை எண்ணு' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'எண்ணிக்கையைவிடக் குறைவாக இருக்கும்வரை எண்ணு' என்று இருந்தது. பத்துப் பெயர் கொடுத்தால் ஒன்பது வரும். கடைசிப் பெயர் விழுந்துவிடும்.

திருத்த இரண்டு நிமிடம் போதும். ஆனால் அதற்குள் கம்பைலரைப் பதிந்த குறுந்தட்டை வெள்ளித் தாம்பாளத்தில் வைத்து, பாவாத்தாள் அம்மாளின் படத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, 'எங்கம்மா இதுக்குள்ள குடியிருக்கறா' என்று தாளாளர் கண் கலங்கிவிட்டார். அவரிடம் போய், உங்கள் அம்மாவில் ஒரு பிழை இருக்கிறது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நான் என்ன, யாருக்குமே எழுந்திருக்காது. இந்த ஊரில் பெற்றவள் பெயரை எதற்கு வைத்தாலும் அதற்கப்புறம் அதில் ரிப்பேர் வேலை பார்க்கமுடியாது. 'அருக்காணி' என்று பெயர் எழுதிய தண்ணீர் லாரி ஒன்று ஆறு வருடமாக ஒழுகிக்கொண்டே ஓடுகிறது.

மாலை வகுப்பில் பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள், பாதிக்குமேல் முட்டைக் கிடங்கில் வேலை பார்க்கும் பெண்கள். முதல் நாள் முதல் பாடமாக நான் சொல்லிக்கொடுத்தது, கம்பைலர் தப்பு செய்யாது, தப்பு எப்போதும் உங்களுடையது என்பதைத்தான். உலகத்தில் எல்லா வாத்தியார்களும் சொல்லிக்கொடுப்பதுதான், பெரும்பாலும் உண்மையும்கூட. எழுதவே இப்போதுதான் பழகுகிறவர்கள் அதைச் சட்டென்று நம்பிவிடுவார்கள். ஐந்து பெயர் போட்டு நான்கு வந்தால் தங்கள் தலையில் தாங்களே குட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து அடிப்பார்கள். அவர்கள் குட்டிக்கொள்வதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குட்டிக்கொள்ளாதவள் துளசிமணி ஒருத்திதான். கிடங்கில் அவள் வேலை, முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்து, உள்ளே கெட்டதை ஒதுக்குவது. பன்னிரண்டு வருடமாக அதையே செய்கிற கண். அவள் ஐந்து கொட்டகையின் முட்டைக் கணக்கை எழுதினாள், நான்கு வந்தது. நான்கு கொட்டகை போட்டாள், மூன்று வந்தது. அப்படியே ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போய், ஆறாம் நாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு போட்டா ஒண்ணுமே வரலீங்க. அதுல நான் தப்பு பண்றதுக்கு எடமே இல்லீங்களே. கெட்டது அதுக்குள்ளதான் இருக்குதுங்க."

அதைவிடச் சுத்தமாக ஒரு பிழையைக் கண்டுபிடித்துக் காட்ட எனக்கே தெரியாது. நான் என்ன செய்தேன் தெரியுமா, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, முட்டை பார்க்கிற புத்தியை இங்கே கொண்டுவரக்கூடாது என்று பதினேழு பேர் முன்னால் சொல்லி, அதே நிரலை இருபது தரம் எழுதிவரச் சொன்னேன். அவள் இருபது தரமும் எழுதிக்கொண்டு வந்தாள். எழுத்து ஒரே சீராக இருந்தது. அதை வாங்கித் திருத்துகிற மாதிரி பாவனை செய்து கையெழுத்தும் போட்டேன்.

பிறகு, நல்லவன் மாதிரி, எல்லாருக்கும் ஒரு குறுக்கு வழி சொல்லிக்கொடுத்தேன். பட்டியலின் கடைசியில் 'சும்மா' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள், விழுந்தால் அது விழட்டும், உங்கள் பெயர்கள் பத்திரமாக இருக்கும் என்றேன். கேட்டவுடன் எல்லாருக்கும் பெரிய நிம்மதி. எல்லா நிரலின் அடியிலும் 'சும்மா' வந்து உட்கார்ந்தது, எல்லாக் கணக்கும் சரியாக வந்தது, பிழை பிழையாகவே இருந்தது.

இதற்குள் ஊரிலும் அதே பாடுதான். ரேஷன் கடை வரிசையில் கடைசியில் நின்ற பெண்ணின் மூக்குக்கு முன்னாலேயே கடைக்காரர் ஷட்டரை இறக்கினார், அவள் கத்தியது அவர் காதில் விழவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசிச் சீட்டு வாங்கியவர் மருந்தில்லாமல் திரும்பினார். மினி பஸ்ஸில் கடைசியாக ஏறப்போனவரைக் கண்டக்டர் பார்க்காமலே விசில் கொடுத்தார். ஊர் இதைக் கண்டு அலறவில்லை. கோழிக்கு நோய் வந்தால் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள்: கூடிப் பேசினார்கள், ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். முதலில் கடைசி என்று ஒன்று இல்லாமலிருக்க வட்டமாக நின்று பார்த்தார்கள். யாரிடமிருந்து தொடங்குவது என்று தெரியாமல் ரேஷன் கடைக்காரர் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அப்புறம் என் வகுப்பில் படித்தவர்கள்தான், 'சார் இதுக்கொரு வழி சொல்லியிருக்காருங்க' என்று தொடங்கி, சும்மாவை ஊருக்குள் கொண்டுபோனார்கள்.

கடைசியில் ஒரு கல்லை வைத்துப் பார்த்தார்கள். கல்லைக் கடைசி ஆளாக வரிசை ஏற்கவில்லை, அதற்கு முன்னால் நின்றவர்தான் மறைந்தார். ஒரு கோழியைக் கட்டி நிறுத்தினார்கள். ஒரு வாரம் பிரமாதமாக நடந்தது, கோழி கண்ணுக்குத் தெரியாமல் கொக்கரித்துக்கொண்டு நின்றது, அதற்கு முன்னால் நின்றவர் அரிசி வாங்கிக்கொண்டு போனார். ஆனால் கோழி கயிற்றை அறுத்துக்கொண்டு நடுவரிசைக்குள் புகுந்து, கடைசியில் நின்ற ஊர்க்காரர் ஒருவர் இரண்டு மணிநேரம் காணாமல் போனபிறகு, சொன்னால் சொன்ன இடத்தில் நிற்கிற உயிர்தான் இதற்குச் சரி என்று முடிவானது. கோயில் கமிட்டியில் இதைப் பேசினார்கள். எவ்வளவு நேரம் பேசியிருப்பார்கள் என்கிறீர்கள்? டீ வருவதற்குள் ஆள் முடிவாகிவிட்டது.

அவன் பெயர் மாரப்பன், துளசிமணியின் புருஷன். தீவன லாரியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன், மூட்டை சரிந்து முழங்கால் போனதிலிருந்து வேலையில்லை. வாயில்லாப்பூச்சி. கமிட்டித் தலைவர் வீடு தேடி வந்து, வேட்டியும் மாதத்துக்கு அரிசியும் தருகிறோம், சும்மா நிற்பதுதானே மாரப்பா என்றாராம். மாரப்பன் அதற்கு, நிக்கறதுக்குக் கால் வலிக்குமுங்களே, பந்தின்னா உக்காந்துக்கலாமுங்களா என்று மட்டும் கேட்டிருக்கிறான். அவனைச் சும்மா ஆள் என்றே ஊர் கூப்பிடத் தொடங்கியது.

ஒரு மாதத்தில் ஊர் இதற்குப் பழகிப்போன அழகைச் சொல்லவேண்டும். பந்தல், மேளம், சமையல், சும்மா ஆள் என்று கல்யாண வீடுகளில் வரிசையாகக் கேட்டார்கள். ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம் வந்தால் மாரப்பன் யாருக்கு என்று சம்பந்திகள் முறைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை வரிசைக்கும், பால் சொசைட்டிக்கும், கிராம சபைக்கும் அவன் தேவைப்பட்டான். பொண்ணு பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், உங்கள் ஊரில் வரிசைகள் எவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். பந்தி முடிந்ததும் அவனுக்குச் சமையல்கட்டில் தனியாகச் சோறு போடுவதாகத்தான் பேச்சு. முதல் இரண்டு கல்யாணத்தில் போட்டார்கள். அப்புறம், அவன் சாப்பிட்டிருப்பான் என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்து நினைத்துக்கொண்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தை மனிதர்கள் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதை நான் இந்த ஊரில் பார்த்தேன். கடைசி இலை காலியாகத் தெரிந்ததால் கையை அங்கேயே கழுவினார்கள். வெற்றிலைச் சாற்றை அந்தப் பக்கமே துப்பினார்கள். எடுக்கிறவர்கள் எச்சில் இலைகளை அங்கேதான் குவித்தார்கள். மாரப்பன் சட்டையில் ரசமும், தோளில் சப்பிப் போட்ட முருங்கைச் சக்கையுமாக வீட்டுக்கு வருவான். ஏன் நகர்ந்து உட்காரக்கூடாது என்று துளசிமணி கேட்டால், நகர்ந்தா முன்னாடி இருக்கறவரு கடைசியாயிருவாரல்லோ என்பான். ஊரில் யாரைக் கேட்டாலும், அவனுக்கு அது பழகிப்போச்சு, பிடிச்சுப்போச்சு, நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்றார்கள்.

அவனுக்கு ஒன்று மட்டும் கூடுதலாகக் கிடைத்தது. அவன் சும்மா ஆளாக நிற்காத ஏதாவது வரிசையில் வேறு யாராவது கடைசியில் மாட்டிக்கொண்டு நின்றால், ஊருக்கே தெரியாத அந்த ஆள் அவன் கண்ணுக்குத் தெரிந்தார். ஆஸ்பத்திரியில் அப்படி நின்ற ஒரு பெண்ணுக்கு அவன்தான் சீட்டை வாங்கி உள்ளே கொடுத்து மருந்து வாங்கித் தந்தான். அந்தப் பெண் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

முதலில் வரிசை கலைந்ததும் அவன் கண்ணுக்குத் தெரிந்துவிடுவான். தை மாதம் முகூர்த்தங்கள் நெருக்கமாக வந்தபோது, வீடு வந்து சேர்ந்த பிறகும் தெரியவில்லை. மாசியில் மறுநாள் பொழுது விடிந்தபிறகுதான் தெரிந்தான். பங்குனியில் குரலும் போனது. துளசிமணி தட்டில் சோறு போட்டுவைப்பாள், சோறு குறையும், கை தெரியாது. டம்ளரைத் தட்டச் சொல்லி வைத்திருந்தாள். காலையில் எழுந்ததும், வேலைக்குக் கிளம்பும்போதும், வந்ததும், இருக்கீங்களா என்று கேட்பாள், டம்ளரில் டிங்கென்று ஒரு சத்தம் வரும். ஒரு நாள் அவள் மூன்று தரம் கேட்டபிறகு, தூசு விழுந்த மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

அன்றைக்கு மதியம் அவள் ஆய்வகத்துக்கு வந்தாள். ஒரு பையிலிருந்து புருஷனுடைய சட்டையை எடுத்து, என் விசைப்பலகை மேல் விரித்தாள். துவைக்காத சட்டை. வெற்றிலைச் சாறும் புளித்த மோரும், யாரோ வாயிலிருந்து எடுத்துப் போட்ட கறிவேப்பிலையும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அவள் நகரவில்லை, எடுக்கவும் இல்லை.

"அது மொதல் நாளே உங்களுக்குத் தெரியுமுங்களா சார்?"

அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, தெரியும் என்றேன். விழாவுக்கு நாலு நாள் முன்னாடியே தெரியும் என்றும் சொன்னேன். எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன், சொல்லிய பிறகுதான் அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்பது ஞாபகம் வந்தது.

"எத்தன எழுத்து மாத்தோணுமுங்க?"

"எழுத்தில்ல. ஒரு குறி."

நான் எழுதச் சொன்ன இருபது தடவையை நினைத்தாளோ என்னவோ. மாத்துங்க என்று மட்டும் சொன்னாள். சட்டையை எடுக்கச் சொல்லி எப்படிக் கேட்பது. ஒரு மூலையை இரண்டு விரலால் தூக்கி, அதன் கீழே கையை விட்டு, அந்த நாற்றத்துக்குள்ளேயே ஒரு குறியை மாற்றினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாளாளர் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. அப்போதும் கண்ணுக்குத் தெரியாமலிருந்த மாரப்பனை வழக்கம்போல வரச்சொல்லியிருந்தார்கள். அவன் வழக்கம்போல, யார் பார்க்கப்போகிறார்கள் என்று வீட்டுக்குப் பின்னாலிருந்த கோழிக் கொட்டகையில் எச்சம் வழித்துக் கொட்டிவிட்டு நேரே வந்து கடைசி இலையில் உட்கார்ந்தான். உப்பு வைக்கிறவர் அவன் இலையிலும் உப்பு வைத்தார். அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார், பந்தியே பார்த்தது. மாதக்கணக்கில் சேர்ந்த அழுக்கோடு, வளர்ந்த தாடியோடு, தோளில் காய்ந்த சோற்றுப் பருக்கையோடு ஒரு மனிதன், தாளாளரின் சம்பந்திக்குப் பக்கத்தில், தனக்குப் போட்ட லட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த அழுக்கெல்லாம் அவர்கள் போட்டதுதான். அதைக் கண்டதும் அவர்கள் மூக்கைப் பொத்திய வேகத்தைப் பார்க்கவேண்டுமே, என்னைவிட வேகம். சம்பந்தி பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். அவரைப் பார்த்து வரிசையே எழுந்தது. மாரப்பன் மட்டும் எழவில்லை, இரண்டாம் தரம் சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், தூணோரம் நின்றுகொண்டிருந்த துளசிமணி அதைப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

"லிங்கம், எங்கம்மாளத் திருத்தறதுக்கு உன்னைய ஆரு உட்டாங்க?"

பிழை என்றேன். ஒரு குறி என்றேன். அவர் மாலை போட்ட படத்தைக் காட்டி, அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்லு என்றார். எட்டு மாதமாக ஊர் ஒழுங்காகத்தானே போய்க்கொண்டிருந்தது, யாராவது குறை சொன்னார்களா என்றார். உண்மைதான், குறை சொல்லக்கூடியவனின் குரல் யாருக்கும் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் அம்மா பழையபடி இருக்கவேண்டும் என்றார். இருந்தாள். நான்தான் பழையபடி ஆக்கினேன், என் கையால். அதன்பிறகு கம்பைலர் இருக்கிற அந்த எந்திரத்தை நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய் அவர் வீட்டுப் பூஜை அறையில் வைத்து, பூட்டிச் சாவியை அவரே இடுப்பில் செருகிக்கொண்டார். இப்போது அதற்குத் தினமும் சூடம் காட்டுகிறார்கள். ஆய்வகத்துக் கணினிகளெல்லாம் கம்பி வழியாக அதைக் கேட்டுத்தான் ஓடுகின்றன, அதைத் திறந்து கைவைக்க இனி யாராலும் ஆகாது.

பத்தாம் நாள் பாவாத்தாள் அம்மாளின் நினைவு நாள் விருந்து வந்தது. அந்த விருந்துக்கு மட்டும் யார் எங்கே உட்காரவேண்டும் என்று பட்டியல் அச்சடித்துப் பெயர் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். அந்தப் பட்டியலைப் பாவாத்தாள் மொழியில், பாவாத்தாள் மாணவர்களே எழுதவேண்டும் என்பது தாளாளரின் பெருமை. கமிட்டித் தலைவர் மறுபடி மாரப்பன் வீட்டுக்குப் போனார். இந்த முறை குளித்துவிட்டு வரச்சொன்னாராம். மாரப்பன் தலையாட்டிவிட்டான். இன்னும் ஒரு தரம் அவன் கடைசியில் உட்கார்ந்தால் டம்ளர் சத்தமும் வராது என்பது துளசிமணிக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

கடைசிப் பந்தியின் பட்டியலைத் துளசிமணிதான் அடித்தாள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்பது பெயர் அடித்தாள். நாற்பதாவதாக மாரப்பன் என்று அடித்தாள். வழக்கமாக 'சும்மா' என்று அடிக்கிற இடம் வந்தபோது விரலை எடுத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"என்ற ஊட்டுக்காரரு இனிக் கடைசில உக்காரமாட்டாருங்க சார். ஆராச்சும் உக்காந்துதான் ஆகோணும்னா எழுதுனவீங்க உக்காருங்க."

திட்டவில்லை, அழவில்லை. கிடங்கில் கெட்ட முட்டையை எடுத்துத் தனிக் கூடையில் வைப்பாளே, அந்த நிதானத்தோடு என் பெயரை அடித்தாள். வைத்தியலிங்கம். அச்சு எந்திரத்திலிருந்து காகிதம் வந்தது. நாற்பது பெயர் இருந்தது, மாரப்பன் என்பதோடு முடிந்திருந்தது. கீழே ஆசிரியர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. கையெழுத்துப் போடாமல் கிழித்துப்போட என்னால் முடியும், அவளைத் திரும்ப இருபது தரம் எழுதிவரச் சொல்லவும் முடியும். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டேன்.

விருந்தன்று நான் துவைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பெயர்களைக் கூப்பிட்டார்கள். மாரப்பன் என்று கூப்பிட்டபோது ஒரு சின்ன சலசலப்பு; ஆனால் பட்டியலில் இருக்கிற பெயரைத் தாயார் நினைவு நாளில் எழுப்ப யாருக்கும் தைரியமில்லை. அவருக்குப் பக்கத்தில் நான் போய் உட்கார்ந்தேன். இலை போட்டுக்கொண்டு வந்தவர் பழக்கத்தில் ஓர் இலையை என் முன்னால் போட்டுவிட்டுத் திரும்பினார். தண்ணீர் தெளிக்கிறவர் மாரப்பனோடு நின்றுவிட்டார். உப்பு, பொரியல், கூட்டு, வடை, எல்லாம் அவர் இலைவரைக்கும் வந்து திரும்பிப் போயின. மேடையில் தாளாளர், இந்த மொழியைத் தந்த மருமகனுக்கு நன்றி சொன்னார். நான் எழுந்து நின்று, எழுதினது நான், அதில் பிழை இருக்கு, பிழை உங்களுடையது இல்லை, என் வகுப்பில் படித்த யாருடையதும் இல்லை என்று தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்வரிசையில் என் மாணவர்கள் பாயசத்துக்குச் சர்க்கரை போதவில்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

உட்கார்ந்தேன். முந்தின பந்தியில் சாப்பிட்ட ஒருவர் வாயைக் கொப்பளித்து என் பக்கம் துப்பினார். வெதுவெதுப்பாகக் காதோரம் வழிந்து சட்டைக் காலருக்குள் இறங்கியது, அதில் ஒரு சீரகம் இருந்தது. இன்னொருவர் எச்சில் இலையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். கைக்குட்டையைத் தேடினேன், எடுத்து எதைத் துடைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

மாரப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார். என் மடியிலிருந்த எச்சில் இலையை எடுத்துப் பின்னால் போட்டார். என் முகத்தையே பார்த்தார், என் காலி இலையைப் பார்த்தார். நகக்கண்ணில் கோழித் தீவனத் தூள் ஒட்டியிருந்த அந்தக் கையால், தான் பிசைந்து பாதி சாப்பிட்ட சோற்றை நடுவில் பிரித்து, ஒரு பங்கை வழித்து என் இலையில் வைத்தார். கடித்த வடையின் மிச்சத்தையும் அதன் மேல் வைத்தார். அந்தச் சோற்றில் அவர் விரல்களின் தடம் நாலும் அப்படியே இருந்தது.

"சாப்புடுங்க சார்," என்றார். "ஆறிப்போயிரும்."

சாப்பிட்டேன். ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டேன். அப்புறம், இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன். அவருக்குக் கேட்டது.